மணிக்கு மொட்டை வேண்டாமுங்க

சித்திரை பொறந்தா எங்க கணபதி வீட்டுல இதே பஞ்சாயத்துதான். "ஏங் கண்ணு, கம்பளி போத்துன மாதிரி திரியறான், மொட்டையடிச்சுட்டு வா"ம்பாங்க அம்மா. போன வருசம் பேச்சைக் கேட்டு ஸ்பிட்ஸ் மணிக்கு ஒட்ட வெட்டிட்டேனுங்க. முதுகுத்தோல் செவந்துபோச்சு, முடியும் திட்டுத்திட்டாத்தான் மொளச்சுது. பாவம், கட்டிலுக்கடியிலயே கெடந்தான்.

அப்புறந்தான் படிச்சேன். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது; மூச்சிரைச்சுத்தான் சூடு தணியும். ஸ்பிட்ஸுக்கு ரெண்டடுக்கு முடி. மேல்முடி வெயிலைத் தடுக்கும். உதிர்ந்த அடிமுடியைச் சீவியெடுத்தாப் போதும், உள்ள காத்துப் போகும். சிக்கு முத்திப்போனா, தோல் வியாதி வந்தா, டாக்டர் சொல்படி வெட்டலாம்.

இப்ப ஆபீஸ் விட்டு வந்ததும் அரைமணி நேரம் சீப்பும் கையுமாத்தான் இருக்கேன். நேத்து அம்மா கேட்டாங்க: "எந்தலைய ஒரு நாளாவது இப்பிடிச் சீவிவிட்டிருக்கியா கண்ணு?"

பதில் இல்லீங்க.