தெருவும் ஒரு கேள்வியும்

பருத்தித்துறைக்காரனுக்கு வடக்கே போக வழியில்லை. முனையில் நின்றால் முன்னால் கடல். 'பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை' என்று மேடைகளில் இந்த நாட்டை அளந்து பேசுவார்கள். அந்த அளவுகோலின் மேல்நுனி நாங்கள். ஆகவே வெளிக்கிட்டால் நெல்லியடிப் பக்கமா, வல்வெட்டித்துறைப் பக்கமா, மணற்காட்டுப் பக்கமா என்பதுதான் கேள்வி. சனிக்கிழமைகளில் அந்தக் கேள்விக்கு விடை தெரியாமலேதான் நான் மோட்டார் சைக்கிளை எடுப்பது. ஒரு சரை வடை, ஒரு போத்தல் தண்ணீர். சந்திக்கு வந்த பிறகுதான் திசை.

"வேலையில்லாத வேலை, மாஸ்டர்" என்று பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் ஆட்கள் இப்படி நினைத்தபடி வெளிக்கிடக்கூடியதாக இருந்த காலம் மிகக் குறைவு என்பதை நான் மறக்கவில்லை.

வெளிக்கிடுபவனை "எங்கே?" என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளின் வழக்கம். கேட்டால் போன காரியம் சரிவராதாம். அம்மா இன்றும் "தூரமோ?" என்றுதான் கேட்பா. ஆனால் நான் வளர்ந்த காலத்தில், வீட்டில் கேட்காத அந்தக் கேள்வியைத் தெரு கேட்டது. எங்கே போகிறாய், ஏன், எத்தனை நாள்? தொண்ணூறுகளில் குடாநாட்டை விட்டுப் போக இயக்கத்தின் பாஸ். பின்னர் இராணுவத்தின் பாஸ். பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. நான் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயின்றது அந்தச் சமாதான நாட்களில்தான். அப்போதும் முகமாலையிலும் ஓமந்தையிலும் இறங்கி, இரு தரப்புக்கும் பதில் சொல்லித்தான் வவுனியா போனோம். 2006 ஆகஸ்டில் அதுவும் மூடப்பட்டது. போர் முடிந்து பாதை திறந்த பிறகு, 2022இல் கியூஆர் அட்டை வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். எண்ணிப் பார்த்துத்தான் எங்கும் போகலாம்.

இதற்கு மறுபக்கம் ஒன்றுண்டு. திட்டமே இல்லாமல் தெருவுக்கு வந்தவர்களையும் இந்த மண் கண்டிருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து 70,000க்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டார்கள். சரியாக ஐந்து வருடங்கள் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தில் நெருக்குப்பட்டு நடந்தது. இரண்டு இடப்பெயர்வுகளிலும் எங்கே போகிறோம் என்று போனவர்களுக்கே தெரியாது.

செயலமர்வு ஒன்றில் பழக்கமான ஆசிரிய நண்பர் ஒருவர் எனக்குண்டு. 1990இல் எட்டு வயதுப் பிள்ளையாக யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர். புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து சோனகதெருவில் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை அவரையும் கூப்பிட்டேன். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"வாப்பாவோட வெளிக்கிட்ட அண்டைக்கு எங்களுக்கு ஒரு திட்டமும் இருக்கேல்லை, மாஸ்டர். அதுக்குப் பிறகு திட்டமில்லாமல் வெளிக்கிட எனக்கு ஏலாமப் போச்சு."

நான் வற்புறுத்தவில்லை. நாலு மணிக்குத் திரும்புவதென்று அவரே முடிவு செய்தார். சாவகச்சேரி, தனங்கிளப்பு வழியாகச் சங்குப்பிட்டிப் பாலத்துக்குப் போனோம். 2011இல் அந்தப் பாலம் திறந்த பிறகுதான் பூநகரி எங்களுக்குப் பக்கத்து ஊரானது. பாலத்தடியில் நின்று வடை தின்றோம். களப்புக் காற்று ஆளைத் தள்ளியது. மணி மூன்றாயிற்று. திரும்புவோமா என்றேன். அவர் தெற்கே நீளும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பிடியே போனா மன்னார்தானே?"

"மன்னார்தான்."

"இன்னும் கொஞ்சம் போய்ப் பாப்பம்."

முழங்காவிலில் தேநீர் குடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவருடைய உம்மா தொலைபேசியில் எங்கே நிற்கிறாய் என்று கேட்டா. "தேத்தண்ணி குடிக்கிறன் உம்மா" என்றார். இடத்தைச் சொல்லவில்லை. இரவு எட்டரைக்கு அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன்.

2025 ஏப்ரலில், 35 வருடங்களின் பின் வசாவிளான் – பலாலித் தெரு திறந்தபோதும் இருவரும் போனோம். நிபந்தனைகளைப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள்: இடையில் நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது, நடந்து போகக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. நண்பர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "இதுதான் திட்டம் போட்ட பயணம், மாஸ்டர்."

நினைத்த மாத்திரத்தில் பயணம் போவதைத் துணிச்சல் என்று புகழ்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு இரண்டே இரண்டுதான் வேண்டும்: எங்கே என்று கேட்காத ஒரு தெரு, எந்நேரமானாலும் திரும்பி வர ஒரு வீடு. இரண்டும் உள்ளவனுக்கு அது பொழுதுபோக்கு. ஒன்றேனும் இல்லாதிருந்தவனுக்கு அது உரிமை. என் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பொழுதுபோக்காகவே அறிந்து வளரட்டும்.