வழக்குரைஞர் கட்டணம்

வீடு வாங்கும் பெற்றோர்க்குக் கணக்கு எளிது. 2023ஆம் ஆண்டின் கட்டண ஆணைப்படி முதல் 500,000 ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு, 200,000 ரிங்கிட் வீட்டுக்கு 2,500 ரிங்கிட். விபத்து வழக்குகளில்தான் நம் தோட்டத்து மக்கள் ஏமாறுகின்றனர்.

ஜாசின் வட்டாரத்தில் என் மாணவன் ஒருவனின் தந்தை மோட்டார்ச் சைக்கிள் விபத்தில் காலிழந்தார். மருத்துவமனைக்கே வந்த தரகர், "வென்றால் மூன்றில் ஒரு பங்கு, தோற்றால் ஒரு காசும் வேண்டாம்" என்று கூறி வெற்றுத்தாளில் கையொப்பம் கேட்டாராம். கையில் காசில்லாதவர்க்கு அது தருமமாகவே தோன்றும். ஆனால் வெற்றி பெற்றால் மட்டுமே கட்டணம் என்னும் ஒப்பந்தத்தை 1976ஆம் ஆண்டு வழக்குரைஞர் தொழிற்சட்டத்தின் 112ஆம் பிரிவு தடை செய்கிறது. கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

வருமானம் குறைந்தோர்க்காக அரசின் சட்ட உதவித் துறை மலாக்காவிலும் இயங்குகிறது. அவர் மனைவியிடம் முதலில் அங்குச் செல்லுமாறு கூறினேன்.