பனி ஆற்றங்கரையில் ஒரு மயிலிறகு ஈ

நியூயோர்க் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வானளாவிய கட்டடங்களும் சன நெரிசலும்தான். அந்த நகரத்தை விட்டு வடமேற்கே காரில் இரண்டு மணி நேரம் ஓடினால் காட்சி முற்றாக மாறிவிடும். வீதியின் இருபுறமும் கெட்ஸ்கில் மலைகள். இலையுதிர்ந்த மரங்கள் சாம்பல் நிறத்தில் நிற்கும். ஜனவரி மாதத்தில் கூரைகள், வேலிகள், வயல்கள் எல்லாம் வெண்பனிக்குள் அமிழ்ந்து கிடக்கும். நம் நுவரெலியாக் குளிரை இந்தக் குளிரோடு ஒப்பிடவே கூடாது. காரை விட்டு இறங்கிய கணமே மூக்கின் நுனி மரத்துப் போகும்!

ரொஸ்கோ, லிவிங்ஸ்டன் மெனர் என்று இரண்டு சிற்றூர்கள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. ரொஸ்கோவில் வில்லோவீமொக், பீவர்கில் என்ற இரண்டு ஆறுகள் ஒன்று சேர்கின்றன. ஊரே ட்ரவுட் மீனின் பெயரில் வாழ்கிறது. பெயர்ப் பலகையில் மீன், கடைக் கண்ணாடியில் மீன், கோப்பிக் கோப்பையிலும் மீன். மகளுடைய குடும்பத்தோடு அங்கே தங்கியிருந்த சில நாட்களில் நான் பார்க்க விரும்பியது மீனை அல்ல, மீனை ஏமாற்ற அவ்வூர்ப் பெண்கள் கட்டும் இறகு ஈயை. அதற்கென்று ஒரு வரலாறு இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன்.

விடயம் இதுதான். ஆற்றின் மேல் பறந்து, தண்ணீரில் வந்து அமரும் சிறு பூச்சிகளை ட்ரவுட் மீன் மேலெழுந்து வந்து கவ்வும். அப்பூச்சியைப் போலவே இறகாலும் நூலாலும் ஓர் உருவத்தைத் தூண்டில் முள்ளின் மேல் கட்டி, அதை நீரில் மிதக்க விட்டு மீனைப் பிடிப்பார்கள். நீருக்குள் அமிழாமல் மேலே மிதப்பதனால் இதற்கு ‘ட்ரை ஃபிளை’, அதாவது உலர் ஈ என்று பெயர். புழுவும் வேண்டாம், இறாலும் வேண்டாம்.

இந்தக் கலை இங்கிலாந்தின் அமைதியான ஆறுகளில் வளர்ந்தது. ஹல்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் 1890ஆம் ஆண்டில் தாம் கட்டிய உலர் ஈக்கள் சிலவற்றைக் கடிதத்தோடு தியடோர் கோர்டன் என்ற அமெரிக்கருக்கு அனுப்பி வைத்தார். கோர்டன் நோயாளி, தனியாள். நெவர்சிங்க் ஆற்றங்கரையில் குடியிருந்தவர். ஆங்கிலேயரின் ஈ இங்கிலாந்தின் மெதுவான தண்ணீருக்கு ஏற்றது. கெட்ஸ்கில் ஆறுகளோ பாறைகளில் மோதிச் சுழித்து ஓடுபவை. அதிலே போட்டால் ஈ அமிழ்ந்து போகும். ஆகவே விறைப்பான சேவல் இறகைத் தேடியெடுத்து, அந்த வேகத்திலும் மிதக்கக் கூடியதாகத் தம் முறையை மாற்றியமைத்தார். 1915இல் காசநோயால் காலமானார்.

அவருக்குப் பின் வந்தவர்களின் கதையில்தான் நம் சகோதரிகளுக்கு ருசி இருக்கிறது. 1920களின் இறுதியில் ரொஸ்கோவில் வோல்ட் டெட் என்ற இளைஞரும் வின்னி என்ற அவர் மனைவியும் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார்கள். அக்காலத்தில் பேர் பெற்ற கைகாரர் ரூப் குரொஸ். அவர் கற்றுக்கொடுக்க மறுத்துவிட்டார். தொழில் இரகசியத்தை யார்தான் இலகுவில் விட்டுக் கொடுப்பார்கள்? இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஐம்பது டொலருக்கு அவருடைய ஈக்களையே விலை கொடுத்து வாங்கி, வீட்டில் வைத்து நூலை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று அவ்வூரில் இன்றும் சொல்கிறார்கள். அயலவர் உடுத்த சட்டையின் வெட்டைக் கண்ணாலேயே அளந்து, வீட்டுக்கு வந்து தைத்துப் போடும் நம் பெண்களை நினைத்துக் கொண்டேன்.

1928இல் தொடங்கிய அந்தத் தொழிலைக் கணவனும் மனைவியும் முதுமை வரை செய்தார்கள். வோல்ட் 1994இலும் வின்னி 1998இலும் காலமானார்கள். மகள் மேரி அதைத் தொடர்ந்தார். கடை இன்னும் குடும்பத்தாரின் கையில்தான் இருக்கிறது. அதே காலத்தில் ஹரி டார்பி, எல்சி டார்பி என்று இன்னொரு தம்பதியினரும் புகழ்பெற்றிருந்தார்கள். ஹரி நீலச் சாம்பல் நிற இறகுக்கென்றே சேவல்கள் வளர்த்தார். இருவரும் ஆறுகளைப் பாதுகாக்கும் போராட்டங்களில் முன்னின்றவர்கள். லிவிங்ஸ்டன் மெனரில் இன்றுள்ள ஈத்தூண்டில் நூதனசாலையைத் தொடங்கியவர்களுள் எல்சியும் ஒருவர்.

புத்தகங்களில் பெரும்பாலும் ஆண்களின் பெயர்தான் முன்னால் வருகிறது. டசின் கணக்கில் வந்த ஓடர்களுக்கு இரவிரவாக விளக்கடியில் குனிந்திருந்து கட்டிக் கொடுத்த கைகளில் பாதி பெண்களின் கைகள். அதிலும் மீன்பிடிக் காலம் ஏப்ரலில் தொடங்குவதால், பனிக்காலம் முழுவதும் கட்டுகிற காலம். ஆறு உறைந்து கிடக்கும்போதுதான் அடுப்பங்கரையில் வருமானம் வந்தது.

மகளின் அயல்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். “வாருங்கள், பனிக்கால ஈ ஒன்று கட்டிக் காட்டுகிறேன்” என்று தம் சமையலறை மேசைக்கு அழைத்தார். மேசை விளிம்பில் சிறிய வைஸ் ஒன்று. பக்கத்திலே நூற்கட்டை, கூர்மையான கத்தரிக்கோல், சில இறகுகள். நமது தையற்பெட்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

தூண்டில் முள்ளை எடுத்துக் காட்டினார். 20ஆம் இலக்கம். தையல் ஊசிக்கு இலக்கம் கூடக்கூட ஊசி மெலிந்து போகுமல்லவா? இதற்கும் அப்படித்தான். ஒரு சம்பா அரிசி மணியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இவ்வளவு சிறியது ஏன் என்று கேட்டேன். பனிக்காலத்தில் பெரிய பூச்சிகள் இல்லை. கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத, மிகச் சிறிய ஒருவகைப் பூச்சி மட்டும் வெயில் கொஞ்சம் ஏறுகிற நடுப்பகலில் தண்ணீரிலிருந்து வெளிவரும். பெப்ரவரியில் சிறிய கறுப்புக் கற்பூச்சிகளும் வெளிவந்து பனியின் மேலேயே நடந்து திரியும். மீனுக்குக் கிடைப்பது இவ்வளவுதான்.

அவர் கட்டியது ‘கிரிஃபித்ஸ் நெட்’, கிரிஃபித்தின் கொசு. ஜோர்ஜ் கிரிஃபித் மிச்சிகன் மாநிலத்தவர். ட்ரவுட் மீனின் ஆறுகளைப் பாதுகாக்க 1959இல் உருவான சங்கத்தின் தாபகர்களில் ஒருவர். தனிக் கொசு ஒன்றை மீன் காண்பதும் கடினம், மனிதன் கட்டுவதும் கடினம். ஆனால் இக்கொசுக்கள் நீரின் மேல் நாலைந்தாக ஒட்டிக்கொண்டு கொத்தாக மிதப்பதுண்டு. அந்தக் கொத்தைத்தான் இந்த ஈ காட்டுகிறது. கெட்டித்தனத்தைப் பார்த்தீர்களா?

முள்ளை வைஸில் இறுக்கி, மெல்லிய கறுப்பு நூலைக் கண்ணிலிருந்து வளைவு வரை நெருக்கமாகச் சுற்றினார். வளைவில் சேவல் இறகொன்றைக் கட்டினார். கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக உள்ள இறகு. இதன் தும்பு முள்ளின் வாயகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமாக இருக்க வேண்டும். கூடினால் ஈ கவிழும், குறைந்தால் அமிழும். அடுத்து மயிற்பீலியிலிருந்து இரண்டு மூன்று இழைகளை உருவி அதே இடத்தில் கட்டினார். மயிலிழை சட்டென்று அறுந்துவிடும். ஆகவே அதை நூலோடு சேர்த்து முறுக்கிக் கயிறு போலாக்கி, முன்பக்கம் வரை சுற்றினார். பச்சையும் செம்பும் மின்னுகிற சிறிய உடல் உருவாயிற்று. அதன்மேல் சேவல் இறகை இடைவெளி விட்டு ஐந்தாறு சுற்று. தும்புகள் நாலாபக்கமும் விறைத்து நின்றன. மிச்சத்தை வெட்டி, நூலை நூலுக்குள்ளேயே புதைத்து முடிச்சிட்டு, ஒரு துளி பசை வைத்தார். ஐந்து நிமிடம் ஆகவில்லை. எனக்கு அரை மணி நேரம் போயிற்று. அதுவும் கண்ணாடி போட்டுக்கொண்டு!

கோப்பையில் தண்ணீர் எடுத்து அதில் ஈயைப் போட்டார். அமிழவில்லை. தும்புகளின் நுனிகள் நீரின் மேற்பரப்பை லேசாக அமுக்கிக்கொண்டு நின்றன, குளத்தில் நீர்ப்பூச்சி நிற்பதுபோல. தரமான இறகு ஏன் வேண்டும் என்பது அப்போது விளங்கியது. தும்பின் அடியில் பஞ்சு போல மென்மையாக இருந்தால் அது தண்ணீரை உறிஞ்சிவிடும். விறைப்பாகவும் வழுவழுப்பாகவும் இருந்தால்தான் மிதக்கும். வாத்தின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள மென்சிறகையும் இதற்குப் பயன்படுத்துவார்கள். காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் அதன் தும்புகள். பனிமுயலின் பாதத்து மயிரும் அப்படியே மிதக்கும்.

இந்த இறகுக்காகவே பரம்பரை பரம்பரையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்படும் சேவல்கள் அமெரிக்காவில் உண்டு. ஏறத்தாழ ஒரு வயதில் அவற்றை அறுத்துத் தோலோடு இறகை விற்கிறார்கள். விலை அதிகம். 2011இல் அந்நாட்டு யுவதிகளுக்கு இந்த நீண்ட இறகைக் கூந்தலில் செருகிக் கொள்ளும் மோகம் பிடித்தது. அழகு நிலையங்கள் கடை கடையாக வாங்கிக் குவிக்க, மீன்பிடிப்பவர்களுக்கு இறகில்லாமல் போயிற்று. அந்த ஆண்டைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆசிரியையின் முகம் இன்றும் சிவக்கிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு நெவர்சிங்க் அணையின் கீழ்ப்புறத்திற்குப் போனோம். மேலே நீர்த்தேக்கம் பனிக்கட்டியால் மூடிக்கிடக்க, கீழே ஆறு உறையாமல் ஓடிக்கொண்டிருந்தது! தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 பாகை செல்சியஸில். அதனால் தேக்கத்தின் அடியில் அந்த வெப்பநிலையிலேயே தண்ணீர் தங்கி நிற்கும். அணையின் அடியிலிருந்து அது வெளியே வரும்போது சிறிது தூரத்துக்கு ஆறு உறைவதில்லை. பனிக்காலத்தில் உலர் ஈ போட இடம் கிடைப்பது இதனால்தான்.

ஆசிரியை தண்ணீருக்குள் இறங்கவே இல்லை. பழுப்பு ட்ரவுட் இலையுதிர் காலத்தில் பரற்கற்களுக்குள் முட்டையிடும். பனிக்காலம் முழுதும் முட்டை அங்கேதான் கிடக்கும். மிதித்தால் அழிந்து போகும். ஈக்கு நீர் புகாத பசை தடவி, கரையிலிருந்தே எறிந்தார். தூண்டில் கோலின் வளையங்களில் பனிக்கட்டி பிடிக்கப் பிடிக்க விரலால் உடைத்து விட்டார். நெடுநேரம் ஒன்றும் இல்லை. குளிர்ந்த நீரில் மீன் சோம்பிக் கிடக்கும், தூரத்து இரைக்கு அசையாது. நடுப்பகல் தாண்டிய பின் ஒரு சின்ன வளையம் நீரில் விரிந்தது. கோல் வளைந்தது.

ஒரு சாண் நீளமிருக்கும். மஞ்சள் பழுப்பில் சிவப்புப் பொட்டுகள். படைத்தவனின் கைவண்ணம்! கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரை விட்டு எடுக்காமலேயே முள்ளைக் கழற்றினார். முள்ளில் கொக்கி மழுக்கப்பட்டிருந்தது. காற்றில் தூக்கினால் அந்தக் குளிரில் செவுள் உறைந்து போகுமாம். மீன் ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு போயிற்று. நியூயோர்க் மாநிலச் சட்டப்படி ஒக்டோபர் 16 முதல் மார்ச் 31 வரை இந்த ஆறுகளில் பிடித்த ட்ரவுட்டைத் திரும்ப விட்டுவிட வேண்டும்.

என் மனதில் இருந்ததைக் கேட்டே விட்டேன். “சாப்பிடாத மீனை ஏன் பிடிக்க வேண்டும்? அதற்கு வேதனைதானே?” உணவுக்காகப் பிடிப்பதை நாம் அறிவோம். விளையாட்டுக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளை மாட்டுவது நம் வீடுகளில் ஒப்புக்கொள்ளும் காரியமல்ல. அவர் கோபிக்கவில்லை. “மீன் பிடிக்க வருபவர்கள் இல்லையென்றால் இந்த ஆற்றுக்காகப் பேச யாரும் இல்லை” என்றார். டார்பி தம்பதியினரை நினைத்தால் அதில் உண்மை இருக்கிறது. என்றாலும் என் கேள்விக்கு அது முழுப் பதிலாகப்படவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இறகு கட்டக் கற்றுக்கொடுக்க எனக்கு விருப்பம். முள்ளை அவர்கள் கையில் கொடுப்பேனோ தெரியாது.

இந்த ட்ரவுட்டும் அங்கே வந்தேறியது. பழுப்பு ட்ரவுட் ஜெர்மனியிலிருந்து 1883இல் வந்தது. அதே 1880களில்தான் வெள்ளைக்காரத் துரைமார் நம் மலையகத்து ஓடைகளுக்கும் ட்ரவுட்டைக் கொண்டு வந்தார்கள். ஹோர்ட்டன் சமவெளியின் நீரோடைகளில் வானவில் ட்ரவுட் நிலைத்துவிட்டது. நம் ஓடைகளின் சொந்த உயிரினங்களுக்கு அது நல்லதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சரி, மயிலிறகு எங்கிருந்து போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். மயிலின் தாயகம் இந்தியாவும் இலங்கையும்தானே!

திரும்பும் வழியில் நீர்த்தேக்கத்தின் ஓரமாகக் கார் சென்றது. 1953இல் முடிந்த இந்த அணைக்காக நெவர்சிங்க், பிட்டர்ஸ்வீட் என்ற இரண்டு ஊர்கள் தண்ணீருக்குள் போயின. நெவர்சிங்க் ஊரை வேறிடத்தில் அமைத்தார்கள். கோர்டன் ஈ எறிந்த துறைகளும் பெரும்பாலும் அதனுள்ளேதான். பக்கத்துப் பெப்பாக்டன் தேக்கம் இன்னும் நான்கு கிராமங்களை எடுத்துக்கொண்டது. பழைய தெல்தெனியவையும் மஸ்கெலியாவையும் அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேற்கே டெலவெயார் ஆற்றுப் பக்கம், 1980களில் கறுப்பின முஸ்லிம்கள் அமைத்த இஸ்லாம்பர்க் என்ற சிறு குடியிருப்பும் உண்டு. அது இன்னொரு கட்டுரைக்கான விடயம்.

தேங்கிய தண்ணீர் ரொண்டவுட் நீர்த்தேக்கத்துக்கும், அங்கிருந்து 137 கிலோமீற்றர் நீளமான டெலவெயார் சுரங்க வழியின் ஊடாக நியூயோர்க் நகரத்துக்கும் போகிறது. அந்நகரத்தின் குடிநீரில் ஏறத்தாழப் பாதி இந்த வழியாகவே வருகிறது. மருமகன் காரை நிறுத்தினார். பனி மூடிய வெண்வெளியைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஆசிரியை கையுறையோடு நடுப்பகுதியைச் சுட்டி, பழைய ஊர் அங்கேதான் இருந்தது என்றார்.