பத்து ஏலக்காய் கனம்

சல்லடையில் தங்கிய எட்டு எம்எம் காயில் ஒரே அளவாகப் பத்தைப் பொறுக்கி, மேசையில் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்தேன். ஸ்கேலில் 80 மில்லிமீட்டர். பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியில், ஆட்கள் உட்காரும் டைட்டானிய உருண்டையின் சுவர் இவ்வளவு கனம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் மூன்று பேர். பேப்பரில் படித்தபோது 80 என்பது சும்மா ஒரு எண்ணாகத் தெரிந்தது. காயை அடுக்கிப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

*

போடியிலிருந்து மலைமேல் உள்ள போடிமெட்டுக்குப் பஸ் ஏறினால் நாலைந்து கொண்டை ஊசி வளைவு தாண்டியதுமே காது அடைக்கும். பிள்ளைகள் எச்சில் விழுங்கக் கற்றுக்கொள்வது அந்தப் பாதையில்தான். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். அத்தனை உயரம் ஏறியும் குறைகிற காற்றழுத்தம், கிணற்றில் ஒரு மீட்டர் முங்கினால் கூடுகிற அழுத்தம் அளவுதான். அதற்கே காது இந்தப் பாடு.

மத்ஸ்யா கடலில் இறங்க வேண்டிய ஆழம் 6,000 மீட்டர். அங்கே நம் மேல் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல 600 மடங்கு. கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் 600 கிலோ உட்காரும். 50 கிலோ மூட்டைக் கணக்கில் 12 மூட்டை, ஒரு நகத்தின் மேல்.

ஆனைமுடி 2,695 மீட்டர். இரண்டு ஆனைமுடியை ஒன்றன்மேல் ஒன்றாக அந்த ஆழத்தில் வைத்தாலும் உச்சிக்கு மேல் இன்னும் 600 மீட்டர் தண்ணீர் நிற்கும்.

*

உருண்டை ஏன் என்பது இப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் என்றால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித் தாங்கும் வடிவம் அது ஒன்றுதான். எங்கே வட்டம் பிசகுகிறதோ அங்கே நசுங்கும். 1934இல் வில்லியம் பீபியும் ஓட்டிஸ் பார்ட்டனும் பெர்முடா அருகே 923 மீட்டர் இறங்கியதும் ஓர் இரும்பு உருண்டைக்குள்தான், கப்பலிலிருந்து கம்பி வடத்தில் கட்டித் தொங்கவிட்டு. வடம் அறுந்தால் அதோடு முடிந்தது. அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பேச்சு வரவில்லை. 1960இல் ட்ரியெஸ்ட் என்ற நீர்மூழ்கி இறங்கியபோது வடம் இல்லை. பசிபிக்கின் மரியானா அகழியில், உலகத்தின் ஆழமான இடத்தில், ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் தரையைத் தொட்டார்கள்.

2023 ஜூனில் டைட்டானிக் கப்பலைப் பார்க்க இறங்கி நசுங்கிய டைட்டன், கார்பன் இழையால் ஆன உருளை. ஐந்து உயிர் போனது.

*

மத்ஸ்யாவில் என்னை ரொம்ப நேரம் நிறுத்திவைத்தது பற்றவைப்பு. இரண்டு அரைக்கோளத்தைச் சேர்த்து ஒரு உருண்டை ஆக்க வேண்டும். உள் விட்டம் 2.1 மீட்டர், சுற்றிவரத் தையல் ஏழு மீட்டருக்குச் சற்று மேல். இஸ்ரோவின் பெங்களூரு கூடத்தில் எலக்ட்ரான் கற்றையால் பற்றவைத்துப் பழகினார்கள். 700 தடவைக்கு மேல் சோதனை. கடைசியில் முழுச் சுற்றையும் ஒரே ஓட்டத்தில் 32 நிமிடத்தில் முடித்தார்கள். அந்த 32 நிமிடத்துக்குப் பின்னால் நிற்கிற எழுநூறையும் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

அதற்கும் முன்னால், 2021 அக்டோபரில், சாதாரண எஃகில் ஓர் உருண்டை செய்து வங்கக் கடலில் ஆள் இல்லாமல் 600 மீட்டர் இறக்கிப் பார்த்தார்கள். அடுப்பு மூட்டும் முன் விறகு காய்ந்ததா என்று பார்ப்பது போல.

*

பயணம் 12 மணி நேரம். இறங்க நாலு, அடியில் நாலு, ஏற நாலு. போடியிலிருந்து சென்னைக்கு ராத்திரி ரயிலில் போகிற நேரம், ஏறத்தாழ. ரயிலில் காலை நீட்டலாம். அங்கே மூன்று பேர் முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். ஆபத்து என்றால் 96 மணி நேரம் தாங்கும் மூச்சுக்காற்று உண்டு.

பழகிப் பார்ப்பதற்காக 2025 ஆகஸ்டில் நம் ஆட்கள் இரண்டு பேர் பிரான்ஸின் நாட்டீல் நீர்மூழ்கியில் அட்லாண்டிக்கில் இறங்கினார்கள். விஞ்ஞானி ரமேஷ் 4,025 மீட்டர், மறுநாள் ஓய்வுபெற்ற கடற்படை கமாண்டர் ஜதிந்தர் பால் சிங் 5,002 மீட்டர். அந்த இரண்டு நாளும் எங்கள் தெருவில் ஒருவருக்கும் இது தெரியாது. பிறகு தெரிந்தவர்களுக்கும் நான்தான் சொன்னேன்.

*

அதே வருஷம் ஜனவரி, பிப்ரவரியில் மத்ஸ்யாவைக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். மிதப்பு, திரும்புவது, மின்கலம் எல்லாம் பார்த்தார்கள். தண்ணீருக்கடியில் பேச்சுத் தொடர்பு மட்டும் சரிவரவில்லை. துறைமுகம் ஆழம் குறைவு என்பதால்.

ரேடியோ அலை உப்புத் தண்ணீருக்குள் அவ்வளவு தூரம் போகாது. ஒலிதான் போகும், விநாடிக்கு 1,500 மீட்டர். மேலே கப்பலிலிருந்து “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் 6,000 மீட்டர் போய்ச் சேர நாலு விநாடி. “நல்லா இருக்கோம்” என்பது மேலே வர இன்னும் நாலு.