படம் பிடிக்கப் பழகுவோம்

ஓவியமும் இசையும் போல ஒளிப்படமும் ஒரு கலையே. வயதில் மட்டும் அது மிக இளையது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த நியெப்ஸ் என்பவர், 1827ஆம் ஆண்டையொட்டித் தம் வீட்டு ஜன்னல் வழியே தெரிந்த காட்சியை ஓர் உலோகத் தகட்டில் பதித்தார். காமிராவால் எடுக்கப்பட்டு இன்றுவரை அழியாதிருக்கும் படங்களில் அதுவே மிகப் பழையது. அதற்குப் பல மணி நேர வெயில் வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியில் ஒரு நொடி போதும். ஆயினும் நல்ல படம் பழக்கத்தால்தான் வரும். இவ்வாண்டு மலருக்குப் படம் எடுக்கும் பொறுப்பு எங்கள் வகுப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. 3 மாதங்களில் நாங்கள் அறிந்தவற்றைத் தோழியருடன் பகிர்ந்துகொள்கிறோம்.

இது பெண்களுக்கும் உரிய கலைதான். இந்தியாவின் முதல் பெண் செய்திப் படக்கலைஞரான ஹோமாய் வியாரவாலா (1913–2012) தொடக்கத்தில் எடுத்த படங்கள் அவருடைய கணவர் பெயரில்தான் வெளியாயின. அவர் தளரவில்லை. 2011இல் பத்ம விபூஷண் விருது அவரைத் தேடி வந்தது.

முதலாவது, லென்ஸைத் தூய பருத்தித் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கே பாதிப் படங்களை மங்கலாக்குகிறது. அடுத்து, கை நடுங்கலாகாது. இரு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை மெல்ல விட்டபடி பொத்தானைத் தொடுங்கள். தூணில் சாய்ந்துகொண்டால் இன்னும் நல்லது. தூரத்தில் இருப்பவரைத் திரையில் விரலால் விரித்துப் பெரிதாக்குவதைவிட நான்கடி முன்னே நடந்து செல்வது மேல். விரித்தால் படத்தின் தெளிவு குறைந்துவிடும்.

பின்னால் இருப்பதையும் பாருங்கள். கொடிக்கம்பத்தின் முன் நிற்பவருக்குத் தலையிலிருந்து கம்பம் முளைத்ததுபோல் படத்தில் தெரியும். ஓரடி நகர்ந்தால் போதும், சரியாகிவிடும். சிறு குழந்தைகளை நின்றுகொண்டு எடுக்காமல், முழங்காலிட்டு அவர்கள் கண் மட்டத்திலிருந்து எடுங்கள். குழுவாக நிற்பவர்களை நான்கைந்து முறை எடுங்கள். யாராவது ஒருத்தி கண்ணை மூடியிருப்பாள்!

எல்லாவற்றிலும் முக்கியம் வெளிச்சம். உச்சி வெயிலில் எடுத்தால் கண்குழிகளில் நிழல் விழும். காலையும் மாலையும் ஏற்றவை. நண்பகலில் எடுத்தே ஆகவேண்டுமென்றால் தாழ்வார நிழலுக்கு வந்துவிடுங்கள். ஜன்னலோரம் நிற்பவரின் மறுபக்கத்தில் ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையைப் பிடித்தால் அந்தப் பக்க நிழலும் குறையும்.

இதன் அருமையை எங்கள் பள்ளிச் சமையற்கட்டில்தான் உணர்ந்தோம். அங்கே நெடுங்காலம் உழைத்த அம்மா ஒருவர் இவ்வாண்டோடு ஓய்வு பெறுகிறார். நூலகத்திலுள்ள பழைய மலர்களைப் புரட்டினோம். ஒன்றிலும் அவர் படம் இல்லை. எடுக்கலாமா என்று கேட்டோம். "நான் கறுப்பும்மா. போட்டோவுல மூஞ்சியே தெரியாது. வேணாம் கண்ணு" என்றார். தம் அடையாள அட்டையையும் எடுத்துக் காட்டினார். உண்மைதான், அதில் கண்கள்கூடத் தெரியவில்லை.

ஆனால் குறை முகத்தில் இல்லை. காமிராவுக்கு முகம் எது, சுவர் எது என்று தானாகத் தெரியாது. எதிரே உள்ள வெளிச்சத்தையெல்லாம் கூட்டி, அது நடுத்தரச் சாம்பல் நிறமாக வரும்படி அளவு வைக்கும். பின்னால் வெள்ளைச் சுவரோ, பக்கத்தில் அருட்சகோதரியரின் வெள்ளை உடையோ இருந்தால், ஒளி மிகுதி என்று எண்ணிக் குறைத்துவிடும். முகம் இருண்டுபோகும். இப்போதைய கைப்பேசிகள் சில முகத்தை அடையாளம் கண்டுகொள்ளும் என்றாலும், அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. திரையில் அவருடைய முகத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே நகர்த்த வேண்டும்.

நாங்கள் அவரை வெள்ளைச் சுவரை விட்டு வாசற்படி அருகே அழைத்து வந்தோம். பக்கவாட்டில் காலை வெளிச்சம். பின்னால் புகை படிந்த மரக்கதவு. படத்தைப் பார்த்தவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அம்மா மாதிரியே இருக்கேன்" என்றார். அச்சிட்டு ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தோம். அவருடைய சம்மதத்தோடு அப்படம் இம்மலரிலும் இடம்பெறுகிறது.

சிலுவைப் பாதையின் ஆறாம் நிலையில் நாம் தியானிக்கும் புனித வெரோணிக்காவைப் படக்கலைஞரின் பாதுகாவலியாகப் போற்றும் மரபு உண்டு. அவர் ஆண்டவரின் திருமுகம் தம் துணியில் பதிய வேண்டும் என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரவில்லை. வியர்வையையும் இரத்தத்தையும் துடைக்கவே வந்தார். ஆகவே, தோழியரே, ஒருவரைப் படம் எடுக்குமுன் அருகே சென்று இரண்டு வார்த்தை பேசுங்கள், அனுமதி கேளுங்கள். எடுத்த பிறகு ஒரு பிரதியை அவர் கையில் கொடுக்க மறவாதீர்கள்.