சங்கீதத்தை வாசிக்கும் குரல்



ஞாயிறு ஆராதனையில் சங்கீதம் வாசிக்கும் முறை உங்களுக்கு வரும்போது, அதைச் சிறிய ஊழியமென்று எண்ணாதிருங்கள். எழுத்தறியாத தாயாருக்கும், பார்வை மங்கிய தகப்பனாருக்கும் அன்றைய வேதம் உங்கள் நாவின் வழியாகவே வந்து சேருகிறது.

நெகேமியா எட்டாம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். எருசலேமின் தண்ணீர்வாசலுக்கு முன்பாக எஸ்றா காலைமுதல் நண்பகல்வரை நியாயப்பிரமாணத்தை வாசித்தார். அது தெளிவாக வாசிக்கப்பட்டது. அதன் பொருளும் விளக்கப்பட்டது. கேட்ட ஜனங்கள் அழுதார்கள். விளங்காத வாசிப்பு எவரையும் அழவைப்பதில்லை.

சங்கீதங்கள் கவிதைகள். எபிரெயக் கவிதையில் கருத்துகள் இணையிணையாக நடக்கின்றன. முதலடி சொன்னதை இரண்டாமடி வேறு சொற்களால் உறுதிப்படுத்தும். அல்லது அதற்கு எதிரானதைக் காட்டும். அல்லது இன்னும் ஒரு படி மேலே கொண்டுசெல்லும். ஆகையால் இரண்டடிகளுக்கும் நடுவே ஒரு மூச்சளவு நிறுத்துங்கள். முதலடி கேட்பவர் உள்ளத்தில் இறங்க அந்த அவகாசம் வேண்டும்.

136-ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள். ஒவ்வொன்றும் கர்த்தருடைய கிருபையை அறிக்கையிட்டே முடிகிறது. மாறிமாறி வாசிக்கும்போது நாம் அதை ஒரே இழுவையாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் வானங்களின் படைப்பைச் சொன்னபின் அந்த அடி வியப்பு. செங்கடல் பிளந்தபின் அது விடுதலையின் பெருமூச்சு. நம் தாழ்விலே நம்மை நினைத்தார் என்றபின் அது நன்றி. சொற்கள் மாறுவதில்லை, குரல் மாறவேண்டும்.

88-ஆம் சங்கீதமோ இருளிலே முடிகிறது. வாசிப்போர் சிலர் அதன் கடைசி வசனத்திலும் குரலை இனிமையாக்கி ஆறுதல் சேர்க்க முயலுகிறார்கள். அப்படிச் செய்யாதிருங்கள். கணவனை அடக்கம்பண்ணிய துயரத்தோடு கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரிக்கு, தன் இருளுக்கும் தேவன் தமது வேதத்தில் இடம் கொடுத்திருக்கிறார் என்பதே பெரிய ஆறுதல். அதை உங்கள் குரல் மறைத்துவிடக்கூடாது.

இதற்கு நடிப்புத் தேவையில்லை, ஆயத்தம் தேவை. சனிக்கிழமை இரவே அப்பகுதியை மூன்றுமுறை சத்தமாய் வாசியுங்கள். முதலாவது, சொற்கள் தடுமாறாதிருக்க. இரண்டாவது, பேசுகிறவர் தேவனிடம் பேசுகிறாரா, ஜனங்களிடமா, 42-ஆம் சங்கீதத்தைப்போலத் தன் ஆத்துமாவிடமா என்று அறிய. மூன்றாவது, அதையே உங்கள் ஜெபமாக்கிக்கொள்ள. சங்கீதத்தை ஜெபித்தவரே அதைச் சபைக்கு வாசிக்க ஆயத்தமானவர்.

கர்த்தர் தாமே உங்கள் நாவையும், கேட்கிறவர்களின் செவியையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.