பன்னிரண்டு நாள் வழக்கு

அமெரிக்கா என்றதும் பனியும் கம்பளிக் கோட்டும்தான் நம் நினைவுக்கு வரும். அரிஸோனா மாநிலம் அப்படி இல்லை. அசல் பாலைவனம். ‘சாகுவாரோ’ என்னும் கள்ளி மரங்கள் இரண்டு ஆள், மூன்று ஆள் உயரத்துக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கோடையில் அங்கே அடிக்கும் வெயிலுக்கு முன்னால் நம் வேலூர் பிச்சை வாங்க வேண்டும். ஆனால் மார்ச் மாதத்தில் போய்ப் பாருங்கள், பகல் நம் மார்கழிப் பகல் போல இதமாக இருக்கும். மேஸா என்ற ஊரில் ஆரஞ்சும் எலுமிச்சையும் பூக்கிற சமயம் அது. கார்க் கண்ணாடியை இறக்கினால் போதும், வாசனை உள்ளே வந்துவிடும்.

2015 மார்ச்சில் என் ஐந்து வயது மகனுடன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மேஸாவுக்குப் பக்கத்தில் சாண்ட்லரில் இருக்கிறார்கள். “அக்கா, இந்த மாதம் இங்கே வந்துவிட்டு பேஸ்பால் பார்க்காமல் போனால், சித்திரையில் மதுரைக்குப் போய் அழகரைப் பார்க்காமல் வந்த மாதிரி” என்றார் தங்கையின் கணவர். எனக்குக் கிரிக்கெட்டே அரைகுறை. ஆனாலும் கிளம்பினோம். தயிர்சாதத்தைக் காரிலேயே முடித்துக்கொண்டோம்.

அமெரிக்காவின் பெரிய லீகில் மொத்தம் 30 அணிகள். ஏப்ரலில் ஆட்டங்கள் சூடு பிடிக்கும். அதற்கு முன்னால் பிப்ரவரி, மார்ச்சில் பாதி அணிகள் ஃபுளோரிடாவுக்கும் பாதி அணிகள் இந்த அரிஸோனாவுக்கும் வந்து பயிற்சி எடுத்துக்கொள்கின்றன. இங்கே வரும் 15 அணிகளின் மைதானங்களும் ஃபீனிக்ஸ் நகரத்தைச் சுற்றியே இருக்கின்றன. பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பார்க்கிறவர்களும் உண்டு. சிகாகோ நகரத்து ‘கப்ஸ்’ அணிக்கு மேஸாவில் ஸ்லோன் பார்க். சுமார் 15,000 பேர் கொள்ளும்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது புல்வெளிதான். மைதானத்தின் கோடியில் சரிவாகப் புல் வளர்த்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் அங்கே போர்வையை விரித்துக்கொண்டு ஹாயாக உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தை தூங்குகிறது, தவழ்கிறது, யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அந்தக் காற்றில் ஈரமே கிடையாது. வியர்ப்பதே தெரியாது, ஆனால் உதடு வெடிக்கும், தலை வலிக்கும். குழந்தை கேட்கும்வரை காத்திராமல் அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீர் கொடுங்கள். தொப்பி கட்டாயம்.

இது வெறும் பயிற்சி ஆட்டம்தானே, ஜெயித்தால் என்ன தோற்றால் என்ன என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆடுகிற பையன்களுக்கு இதுதான் வாழ்வா சாவா. முகாமுக்கு அறுபது பேர் போல வருவார்கள். கடைசியில் பெரிய அணியில் இடம் 25 பேருக்குத்தான். (2020 முதல் 26.) மற்றவர்கள் சின்ன லீகுக்குப் போக வேண்டும். பெரிய அணியில் குறைந்தபட்சச் சம்பளமே அந்த வருஷம் 5,07,500 டாலர். சின்ன லீக் பையன்களுக்கோ அந்த நாளில் பயிற்சிக் காலத்தில் சாப்பாட்டுப் படி தவிரச் சம்பளமே கிடையாது! ஆட்டம் பாதி ஆனதும் பெரிய ஆட்டக்காரர்கள் போய்விடுகிறார்கள். அப்புறம் முதுகில் 75, 80 என்று பெரிய எண் போட்ட சின்னப் பையன்கள் ஓடி வருகிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்களோ என்று என் கண் தேடியது.

எங்கள் பக்கத்தில் நீலத் தொப்பி போட்ட ஒரு பாட்டி. சிகாகோவில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் எலெக்ட்ரீஷியன். முன்பின் தெரியாத இரண்டு பேரும் ஆட்டம் முழுக்க ஒரே விஷயத்துக்குச் சண்டை போட்டார்கள். தங்கை கணவர் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

விஷயம் இதுதான். கிரிஸ் பிரையன்ட் என்று 23 வயதுப் பையன். பந்தை அடித்தால் வேலிக்கு வெளியேதான் விழும். நம் சிக்ஸர் மாதிரி அதற்கு ‘ஹோம் ரன்’ என்று பெயர். அந்த முகாமில் அவன் அடித்த ஹோம் ரன் 9. அந்த மார்ச்சில் வேறு எந்த அணியிலும் யாரும் அவ்வளவு அடிக்கவில்லை. அப்படிப்பட்டவனைச் சின்ன லீகுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு.

ஏன்? அந்த வருஷ ஸீஸன் 183 நாள். அதில் 172 நாள் பெரிய அணியில் இருந்தால் ஒரு வருஷ சர்வீஸ். ஆறு வருஷ சர்வீஸ் முடிந்தால் ஆட்டக்காரன் சுதந்திரப் பறவை, அதிக விலை கொடுக்கிறவரிடம் போகலாம். முதல் இரண்டு வாரம் அவனைக் கீழே வைத்துவிட்டால், அந்த வருஷம் முழு வருஷமாகாது. கிளப்புக்கு அவன் இன்னொரு வருஷம் கூடுதலாகக் கிடைப்பான்.

“உழைத்துச் சம்பாதித்த இடத்தைக் கொடுக்காமல் இருப்பது திருட்டு” என்றார் எலெக்ட்ரீஷியன். பாட்டி விடவில்லை. “கப்ஸ் கோப்பை வாங்கி 107 வருஷம் ஆகிறது. என் அப்பா பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார். நான் பார்க்க வேண்டாமா? இந்தப் பையன் ஒரு வருஷம் கூட இருந்தால் நல்லதுதானே! பன்னிரண்டு நாளில் என்ன முழுகிப்போகிறது?” என்றார். அதோடு, அந்த இடத்துக்குக் காத்திருந்த மைக் ஓல்ட்டும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். 2012 கடைசியில் தலையில் பந்து பட்டு, பார்வைக் கோளாறால் ரொம்ப அவதிப்பட்டு மீண்டவர்.

நான் எலெக்ட்ரீஷியன் கட்சி. காரணம் உண்டு. நம் தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் வந்தது. இரண்டு வருஷத்தில் 480 நாள் வேலை பார்த்தால் தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். என் சித்தப்பா வேலை பார்த்த இடத்தில் அந்தக் கணக்கு நிறைவதற்குள் ‘பிரேக்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு புது ஆள் மாதிரி மறுபடி எடுப்பார்கள். அந்த நாள்களில் சித்தி யார் வீட்டிலும் அரிசி கடன் கேட்கக் கூசி, கேழ்வரகுக் கூழிலேயே ஓட்டினாள். பேஸ்பால் பையனுக்குக் கூழ் குடிக்கிற நிலைமை இல்லைதான். கணக்கு என்னவோ அதே கணக்கு!

பாட்டியிடம் இதைச் சொல்ல ஆசை. என் பள்ளிக்கூட இங்கிலீஷ் கைகொடுக்கவில்லை. அவரோ என் பையனுக்கு ஒரு பென்சிலைக் கொடுத்து, தம் நோட்டில் ஆட்டத்தைக் குறிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 30-ஆம் தேதி பிரையன்ட்டைக் கீழே அனுப்பினார்கள். பந்து தடுப்பதில் இன்னும் பயிற்சி வேண்டும் என்பது கிளப் சொன்ன காரணம். ஏப்ரல் 17-ஆம் தேதி மேலே அழைத்துக்கொண்டார்கள். அந்த ஸீஸனில் அவன் கணக்கில் சேர்ந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு! வருஷக் கடைசியில் சிறந்த புதுமுகம் என்ற விருதும் அவனுக்கே கிடைத்தது.

2016-ல் கப்ஸ் 108 வருஷத்துக்குப் பிறகு கோப்பையை வாங்கியது. கடைசிப் பந்தைப் பிடித்து வீசியவன் பிரையன்ட்தான். வீசும்போதே சிரித்துக்கொண்டிருந்தான். தங்கை அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்குப் பாட்டி ஞாபகம்தான் வந்தது. நிச்சயம் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்த ஒரு நாளுக்காக ஆட்டக்காரர்கள் சங்கம் போட்ட வழக்கில் 2020-ல் கிளப் பக்கமே தீர்ப்பாயிற்று. பன்னிரண்டு நாளைப் பிடித்துவைத்துச் சம்பாதித்த அந்தக் கூடுதல் வருஷம் 2021. அந்த வருஷம் ஜூலை மாதமே கப்ஸ் அவனைச் சான்ஃபிரான்ஸிஸ்கோ அணிக்குக் கொடுத்துவிட்டது. 2022-ல் புது ஒப்பந்தம் வந்தது. புதுமுக விருதுக்கான ஓட்டில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு, எத்தனை நாள் கீழே இருந்திருந்தாலும், முழு வருஷ சர்வீஸ் உண்டு என்று அதில் எழுதியிருக்கிறார்கள்.